கொழும்பில் ஒரு நாள் வேலை

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறார் இன்னாசிராஜ். பெயிண்டர். வயது நாற்பதை நெருங்குகிறது. ஒல்லியான ஆள், தணிந்த குரல். மாதா கோயிலில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. ஆனால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கையில் பிரஷ் இருந்தால் மனிதர் நிறையப் பேசுவார். 2012 கோடையில் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தபோது அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சில இடங்களை அவர் மனைவி ஜோதி மேரி திருத்தினார்.

சுனாமிக்கு மறு வருஷம் கடற்கரை ஊர்களுக்கெல்லாம் புது வீடுகள் கட்டினார்கள். வரிசை வரிசையாக, ஒன்றைப் போலவே இன்னொன்று. தேவனாம்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்புக்குப் பெயிண்ட் வேலையை எடுத்திருந்தவர் காண்ட்ராக்டர் ஞானசேகரன். உள்ளூர் ஆட்கள் போதவில்லை என்று குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்த இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வேனில் ஆள் கூட்டி வந்தார். முகாமில் பாதி ஆண்கள் பெயிண்டர்கள்தான். வேறு வேலைக்கு அவர்களை யார் எடுப்பார்கள்?

அந்த வேனிலிருந்து இறங்கியவர்களில் ஒருவரை ஞானசேகரன் இன்னாசிராஜிடம் விட்டார்.

"பேரு என்னா?" என்று கேட்டார் இன்னாசிராஜ்.

"செபமாலை."

"அது கையில வெச்சி உருட்டறதாச்சே."

"எங்க ஊர்ல ஆம்பளப் புள்ளைக்கும் வைப்பாங்க" என்றார் அவர், சிரிக்காமல்.

மன்னார்ப் பக்கத்து ஆள். தொண்ணூறில், விவரம் தெரிந்தும் தெரியாத பையனாக, அம்மாவோடு படகில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் இந்த முகாம். பதினைந்து வருஷத்தில் பேச்சு கடலூர்ப் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது. முகாம் ஆட்களோடு பேசும்போதுதான் வேறு தமிழ் வரும். அப்போது இன்னாசிராஜுக்குப் பாதி புரியும், பாதி புரியாது.

சாரம் கட்டி இரண்டு பேர் வேலை செய்வதில் ஒரு சங்கதி இருக்கிறது. காலுக்குக் கீழே ஒரே பலகை. ஒருத்தன் நகர்ந்தால் மறு முனையில் நிற்பவனின் கால் அதை உணரும். எதிராளியின் நடை பழகாதவரை பிரஷ்ஷைவிடப் பலகையின் மேல்தான் கவனம் இருக்கும். செபமாலையோடு அந்தப் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது என்கிறார் இன்னாசிராஜ். இவர் பிரஷ்ஷில் ஓரம் வெட்டிக்கொண்டு போவார். அவர் பின்னாலேயே ரோலரில் நிரப்பிக்கொண்டு வருவார். வாயால் ஒன்றும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் குடியிருப்பு முடிவதற்குள் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதன் பிறகு ஐந்து வருஷம் எந்த வேலைக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள்.

சேர்ந்து என்றாலும் முழுதாக அல்ல. பொழுது சாய்ந்தால் செபமாலை முகாமில் இருக்க வேண்டும். கணக்கெடுக்கிற நாளில் நகரவே கூடாது. சிதம்பரம் கீழவீதியில் ஒரு லாட்ஜுக்கு வேலை வந்தபோது மற்றவர்கள் எல்லாம் லாட்ஜின் காலி அறைகளிலேயே தங்கிக்கொண்டார்கள். செபமாலை மட்டும் தினமும் சாயங்காலம் கை கழுவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து நிற்பார்.

"தங்கற ஆளா ஒருத்தன அனுப்பறேன்டா" என்று ஞானசேகரன் சொன்னார்.

"வேணாம்ணே. இவரே வரட்டும். காலைல லேட் ஆனா நான் ஜாஸ்தி பண்ணிக்கிறேன்" என்றார் இன்னாசிராஜ்.

அந்த லாட்ஜின் மேல் தளத்துச் சாரத்தில் நின்றால் கோயில் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். காலையில் வந்ததும் இருவரும் சன்னதித் தெருப் பக்கம் ஒரு கடையில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிடுவார்கள். செபமாலைக்குக் கொத்சு என்றால் உயிர். இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கேட்டு வாங்குவார். மேலே ஏறிய பிறகு ஊரைப் பற்றிப் பேசுவார். எங்கள் கடல் மேற்கே இருக்கிறது, சூரியன் கடலில்தான் விழும், உங்கள் ஊரில் எல்லாமே தலைகீழ் என்பார். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே சொல்லில் வந்து நிற்கும்: "போகணும் மச்சான்."

2008இல் அவருடைய அம்மா ஆரோக்கியம்மாள் இறந்துபோனார். இருதய நோவு. அப்போது மன்னார்ப் பக்கம் சண்டை உச்சத்தில் இருந்தது. ஊருக்குப் போவது கிடக்கட்டும், ஊர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அம்மா கடைசியாகக் கேட்டது, கடல் காற்று படுகிற இடத்தில் தன்னை வைக்க வேண்டும் என்று. முகாமைச் சுற்றி முந்திரிக்காடுதான். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு இன்னாசிராஜ் தன் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்.

"இந்தப் பங்கு ஆள் இல்லையேப்பா" என்றார் சாமியார்.

"எங்க குடும்பத்து எடத்துல வெச்சிக்கிறோம் சாமி. எங்க அப்பா பக்கத்துல எடம் இருக்கு."

ஜோதி மேரியின் மாமியார் முதலில் முணுமுணுத்தாராம். அப்புறம் அவரே தன் பீரோவிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்துக் கொடுத்தார். ஆரோக்கியம்மாளை முதுநகர் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். அங்கே எப்போதும் உப்புக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்.

சண்டை முடிந்தது. 2010இல் விரும்புகிறவர்கள் ஊர் திரும்பலாம் என்றார்கள். செபமாலை முதல் ஆட்களில் ஒருவராகப் பெயர் கொடுத்தார். மனைவி மெற்றில்டா, கடலூர் ஆஸ்பத்திரியில் பிறந்து கடலூர்ப் பள்ளியில் படித்த மகள் சரண்யா, மூன்று பேர். சென்னைக்குப் போக வேன் வந்த காலையில் இன்னாசிராஜ் முகாமுக்குப் போனார். சாமான்களைக் கட்டி ஏற்றினார். மெற்றில்டாவும் ஜோதி மேரியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் இருவரும் வேனின் பின்பக்கம் நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். இறுக்கிய கயிற்றையே அவிழ்த்து மறுபடியும் இறுக்கினார்கள்.

ஏறப்போகும்போது செபமாலை சொன்னார், "வர்றேன் மச்சான்."

பழக்கத்தில் சொன்னதுதான். ஆனால் இன்னாசிராஜுக்கு அது உள்ளே போய்விட்டது. அத்தனை வருஷமும் போகணும், போகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போகும் நாளில் வர்றேன் என்கிறாரே என்று.

அதன் பிறகு வேலை ஓடவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாண மண்டபம், திட்டக்குடியில் ஒரு பள்ளிக்கூடம். பலகையின் மறு முனையில் யார் யாரோ நின்றார்கள். ஒருத்தன் போன் பேசிக்கொண்டே நடப்பான், ஒருத்தன் குதிப்பான். வீட்டுக்கு வந்தால் இன்னாசிராஜ் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார் என்றார் ஜோதி மேரி. "என்னாத்த சொல்றது. சம்சாரம் செத்தவன் மாதிரி இருந்தாரு. நான் கல்லு மாதிரி எதிர்ல நிக்கிறேன்."

2011 தொடக்கத்தில் ஏஜென்ட் ஒருவர் மாலத்தீவுக்குப் பெயிண்டர்கள் வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டு வந்தார். ஒரு சின்னத் தீவு, தண்ணீருக்கு மேல் கால் ஊன்றிக் கட்டிய மரக் குடில்கள், அவற்றுக்கு வார்னிஷ். ஆறு மாத வேலை. இன்னாசிராஜ் போனதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. திரும்பி வரும் விமானம் கொழும்பில் இறங்கி ஏறும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். செபமாலை அப்போது கொழும்பில் இருந்தார்.

ஊருக்குத் திரும்புகிறேன் என்று போன செபமாலையால் ஊருக்குப் போக முடியவில்லை. கிராமம் காடாகிக் கிடந்தது. கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றின் வளையம் மட்டும் தெரிகிறது என்று பார்த்துவிட்டு வந்த யாரோ சொன்னார்கள். கொழும்பில் எங்கு பார்த்தாலும் கட்டடம் கட்டினார்கள். பெயிண்டருக்கு வேலை இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டார்.

மாலத்தீவில் வேலை முடிந்ததும், நடுவில் இரண்டு இரவு கொழும்பில் தங்கிப் போகும்படி டிக்கெட்டை மாற்றிக் கேட்டார் இன்னாசிராஜ். கம்பெனி ஆபீஸில் இருந்த திருநெல்வேலிக்காரர் மாற்றிக் கொடுத்தார். ஆகஸ்ட் மாதம் ஒரு முற்பகலில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து, புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆறு மாதம் கடலையும் வார்னிஷையும் மட்டும் பார்த்திருந்த கண்ணுக்கு அந்த இடம் திருவிழாவாக இருந்தது. பஸ்காரர்கள் ஊர்ப் பெயர்களைப் பாட்டுப்போல இழுத்துக் கூவினார்கள். நடைபாதையில் செருப்பு, குடை, ரம்புட்டான் பழம், பிளாஸ்டிக் பூ என்று கொட்டி வைத்து விற்றார்கள். கூட்டத்துக்குள் யாரோ "மச்சான்" என்று கூப்பிட்டார்கள். சட்டென்று திரும்பினார். கூப்பிட்டவன் ஒரு சிங்கள கண்டக்டர், கூப்பிட்டது இன்னொரு கண்டக்டரை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பக்கம் அதே சொல். மூட்டை தூக்குகிறவன் டீக்கடைக்காரனைக் கூப்பிட்டான். அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இன்னாசிராஜ் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் சலித்துப்போய்த் திரும்புவதை விட்டுவிட்டார், தோளில் கை விழுந்தபோதும் திரும்பவில்லை. செபமாலை முன்னால் வந்து நின்றார்.

"காது கேக்கலயா மச்சான்? எவ்ளோ நேரமா கத்தறேன்."

"இந்த ஊர்ல எவன் கூப்டறான்னே தெரியலடா."

செபமாலை மெலிந்திருந்தார். மீசையை எடுத்துவிட்டிருந்தார். பையை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து நடந்தார். வழியில் ஒரு பள்ளிவாசல். முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக, கோடும் கட்டமும் சுழலுமாக நின்றது. இன்னாசிராஜ் நடு ரோட்டில் நின்றுவிட்டார். இதற்கு எப்படி டேப் ஒட்டி மாஸ்க்கிங் போடுவார்கள், சிவப்பை முதலில் அடிப்பார்களா வெள்ளையையா என்று கேட்டார். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"நானும் வந்த புதுசுல இப்டித்தான் நின்னேன். உன்னத்தான் நெனச்சிக்கிட்டேன்" என்றார் செபமாலை.

கொட்டாஞ்சேனையில் சந்துக்குள் சந்து. மரப்படி ஏறினால் ஒரு அறை, ஒரு தடுப்பு, ஜன்னல். மெற்றில்டா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கோ அண்ணை. முகம் கழுவிப்போட்டு இருங்கோ, சாப்பிடலாம். அக்கா எப்பிடி இருக்கிறா? ஜெனித் வளந்திட்டானோ?"

ஜெனித் இன்னாசிராஜின் மகன். கேட்டுக்கொண்டே மெற்றில்டா கண்ணைத் துடைத்தார். சரண்யா பள்ளிச் சீருடையோடு ஓடி வந்தாள். அவள் பேச்சு மட்டும் அப்படியே கடலூராக இருந்தது.

"மாமா, எங்க ஸ்கூல் எதிர்ல எலந்தவடை விக்கிற ஆயா இருக்காங்களா?"

"இருக்காங்களே."

"இங்க என்னை இந்தியாக்காரின்றாங்க மாமா."

கடலூரில் அவளைச் சிலோன்காரப் பொண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். மெற்றில்டா மீன் குழம்பை ஊற்றினார். தேங்காய்ப் பால் வாசனை தூக்கலாக இருந்தது.

சாப்பிட்ட பிறகு செபமாலை தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். மறுநாள் லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டலாம் என்றுதான் இருந்தார். ஆனால் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் முன்பக்க வேலை பாக்கி கிடக்கிறது. அந்த வாரம் ஆடிவேல், முருகன் கோயில் திருவிழா. தேர் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். அதற்குள் முடித்தாக வேண்டும் என்று முதலாளி நிற்கிறார். கூட வேலை செய்கிறவன் சாவுக்கு ஊருக்குப் போய்விட்டான்.

"காலைல போய் மத்தியானம் வரைக்கும் முடிஞ்சத செஞ்சிட்டு வந்துடறேன் மச்சான். நீ நல்லா தூங்கு."

"ஒத்தையா எப்டிடா சாரத்துல நிப்ப?"

"நின்னுதான ஆவணும்."

"பழைய சட்ட இருந்தா குடு" என்றார் இன்னாசிராஜ்.

"லூசா நீ. ஊர் பாக்க வந்துட்டு."

"ஆறு மாசமா அந்தத் தீவுல தண்ணியப் பாத்துட்டேன். ஊரை நான் மேல இருந்து பாத்துக்கிறேன். சட்டையக் குடு."

அப்படித்தான் அவர் கொழும்பைப் பார்த்தார். மூன்று மாடி உயரத்தில், இரும்புக் குழாய்ச் சாரத்தின் மேல், பெயிண்ட் தோய்ந்த செபமாலையின் சட்டையைப் போட்டுக்கொண்டு. கீழே தெரு முழுக்க நகைக்கடைகள். தேருக்காகத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாயனக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு சிங்களப் பெண் பூச்சரம் வாங்கித் தலையில் சூடிக்கொண்டு போனாள். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. அதற்கும் அப்பால் ஒரு கீற்றுக் கடல்.

கடை முதலாளி, வயதான மனிதர், கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"செபமாலை, ஆர் உந்தப் புது ஆள்?"

"என்ட மச்சான், முதலாளி. இந்தியாவில இருந்து வந்தவர்."

"எப்ப வந்தவர்?"

"நேத்து."

"விருந்தாளியையும் சாரத்தில ஏத்திப்போட்டியோ? சரி, ரெண்டு பேருக்கும் டீ அனுப்புறன்."

செபமாலை இப்படிப் பேசியதைக் கேட்டதும் இன்னாசிராஜுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருந்தது. ஆனால் முதலாளி உள்ளே போனதும் செபமாலை திரும்பி, "ஓரத்த நீ வெட்டு, நான் நெரப்பறேன்" என்றார். அவ்வளவுதான். பலகை அசைந்தது. கால் அதைப் புரிந்துகொண்டது. இவர் ஒரு அடி நகர்ந்தால் அவரும் ஒரு அடி. நடுவில் ஒரு வருஷம் போயிருந்ததே தெரியவில்லை.

"அந்தக் காலைல எனக்கு வேற ஒண்ணுமே வேண்டியிருக்கலங்க" என்று என்னிடம் சொன்னபோது இன்னாசிராஜ் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டார்.

மத்தியானம் இருவரும் சாரத்தின் மேலேயே உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். மாலத்தீவில் இருந்த அத்தனை நாளும் மனதில் ஒத்திகை பார்த்ததை இன்னாசிராஜ் அப்போதுதான் எடுத்தார்.

"மச்சான், நீ திரும்பி வந்துடு."

செபமாலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஞானசேகரன் அண்ணன் வயசாயிடுச்சின்னு காண்ட்ராக்ட விடறாரு. நாம ரெண்டு பேரும் எடுத்துப்போம். கடலூர், சிதம்பரம் எல்லாம் ஆளுங்க நம்மளத் தெரியும். உன் பேரையும் என் பேரையும் சேத்தே போர்டு வைக்கலாம்."

"எப்டி வர்றது? பாஸ்போர்ட்டு, விசா. எத்தினி நாளைக்குக் குடுப்பாங்க?"

"பாத்துக்கலாம். இருந்தவன்தான நீ."

செபமாலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"இருந்தவன்தான். உன் வீட்ல சோறு தின்னவன். எங்கம்மாவ உங்கப்பா பக்கத்துல வெச்சிருக்க. அத நான் மறந்தா மனுசனே இல்ல. ஆனா மச்சான், சிதம்பரத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன்னோட அந்த லாட்ஜுல படுத்து எழுந்திரிக்க முடிஞ்சிதா? கொத்சு தின்னுட்டு இருக்கறப்பவே எனக்கு சாயங்காலம் பஸ்ஸு கெடைக்கணுமேன்னுதான் இருக்கும். உனக்கு அது தெரியாது. நான் சொன்னதில்ல."

இன்னாசிராஜ் தன் பார்சலைப் பலகையின் மேல் வைத்தார்.

"இங்க மட்டும் என்ன வாழுது. என் பேச்சக் கேட்டுட்டு இந்தியாவோன்றான். ஊர்ல இன்னும் கால் வைக்கல. சிங்களம் தப்புத் தப்பா பேசறேன். ஆனா பொழுது சாஞ்சா நீ எங்க இருக்கன்னு எவனும் கேக்கறதில்ல. என் பேரு போட்ட அட்டை என் பாக்கெட்ல இருக்கு. அதுக்குத்தான் வந்தேன்."

"அப்ப அங்க நெனப்பே இல்லயாடா?"

செபமாலை கீழே தெருவைப் பார்த்தார். நாயனக்காரர் ஒருவர் சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல எழுந்தா நான் குறிஞ்சிப்பாடிலதான் இருக்கேன் மச்சான். பஸ்ஸுக்கு நேரமாச்சின்னுதான் எழுந்திரிக்கிறேன். அப்புறம்தான் மரப்படி ஞாபகம் வருது. அங்க இருந்தப்ப எங்க ஊரு கடலு கனவுல வரும். இங்க வந்தா கடலூர் கெடிலம் பாலம் வருது. நான் எந்த ஊர்ல படுத்தாலும் இன்னொரு ஊருதான் வரும்போல. அதுக்கு என்ன செய்யறது. அதுக்காகத் திரும்பத் திரும்ப மூட்டை கட்ட முடியுமா? சரண்யாவ ஒரு எடத்துல நிக்க வைக்கணும்."

இன்னாசிராஜ் இலையை மடித்தார். மறுபடி கேட்கவில்லை. கேட்டால் செபமாலை ஒருவேளை சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்ததாம். அப்படிச் சொல்ல வைப்பது சரியில்லை என்று தோன்றியது. எழுந்து பிரஷ்ஷை எடுத்தார். கொஞ்ச தூரம் ஓரம் வெட்டிக்கொண்டு போன பிறகுதான் பலகை அசையவில்லை என்பது காலுக்குத் தெரிந்தது. திரும்பவில்லை. செபமாலைக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்து, அதே இடத்தில் மெதுவாக அடித்துக்கொண்டு நின்றார். பிறகு பலகை அசைந்தது.

சாயங்காலத்துக்குள் முன்பக்கம் முடிந்துவிட்டது. முதலாளி வெளியே வந்து பார்த்துவிட்டு, கோடு நேராக இருக்கிறது என்றார்.

இருவரும் குளித்து, மெற்றில்டாவையும் சரண்யாவையும் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனார்கள். நகரமே அங்கே வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. பட்டம் விடுகிறவர்கள், குடைக்குள் ஒதுங்கிய காதலர்கள், முக்காடு போட்ட பெண்கள், ஐஸ்கிரீம் வண்டி. முழு இறாலை மேலே பதித்துச் சுட்ட வடையை செபமாலை காகிதத்தில் வாங்கி வந்தார். தீவில் அந்த நேரத்தில் கண் வார்னிஷில்தான் இருக்கும்; கடலுக்குள் சூரியன் இறங்குவதை இன்னாசிராஜ் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்து பார்த்தார். முதுநகரில் அது கடலிலிருந்து ஏறும், வீட்டுக்குப் பின்னால் மறையும். இங்கே சிவந்து, பெருத்து, தண்ணீரைத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"சொன்னேன் இல்ல, எங்க பக்கம் இப்டித்தான்னு" என்றார் செபமாலை.

"ஆமா, சொன்ன."

சரண்யா ஜெனித்துக்கென்று ஒரு பட்டம் வாங்கச் சொல்லி அப்பாவிடம் அடம் பிடித்து வாங்கினாள். மெற்றில்டா ஜோதி மேரிக்குக் கருவாட்டுப் பொட்டலம் கட்டியிருப்பதாகச் சொன்னார். செபமாலை கல்லறைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்கும் மெழுகுவர்த்தி வைத்ததையும், சிலுவைக்கு வெள்ளையடித்ததையும் இன்னாசிராஜ் சொன்னார். எந்தப் பெயிண்ட் என்று கேட்டார் செபமாலை. கடல் காற்றுக்கு எமல்ஷன் நிற்காது, எனாமலே அடி என்றார். சரி என்றார் இவர்.

மறுநாள் காலை இன்னாசிராஜ் விமான நிலையத்துக்குப் பஸ் ஏறினார். பஸ் நகர்ந்த பிறகும் செபமாலை கூடவே நடந்து வந்தார். கூட்டம் மறைத்துவிட்டது. யாரோ எங்கிருந்தோ மச்சான் என்று கூப்பிட்டார்கள். இந்தத் தடவையும் இன்னாசிராஜ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அது அவர் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. பலா, முந்திரி, மின்கம்பம், எல்லாம் சாய்ந்தன. கரண்டும் இல்லை, போனும் இல்லை. இன்னாசிராஜின் வீட்டு ஓட்டுக் கூரையில் பாதி பறந்துவிட்டது. குடும்பம் கோயிலில் தங்கியிருந்தது. பல நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு போனை உயிர்ப்பித்த மறு நிமிஷமே மணி அடித்தது.

"மச்சான், இருக்கியா?" என்றார் செபமாலை. இன்னாசிராஜ் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். லைன் அறுந்துவிட்டதோ என்று கடைக்காரர் எட்டிப் பார்த்தாராம்.

புயலுக்குப் பிறகு பெயிண்டர்களுக்கு ஓயாத வேலை. ஞானசேகரன் விட்ட காண்ட்ராக்டை இன்னாசிராஜ் எடுத்துக்கொண்டார். கூட ஆளாகச் சேர்ந்தவர் திட்டக்குடிப் பக்கத்துக் கொளஞ்சி. நல்ல வேலைக்காரர், பேச்சும் நல்ல பேச்சு. அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று இன்னாசிராஜே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

எங்கள் வீட்டு வேலை நடக்கும்போது மாலத்தீவு கம்பெனியிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்தத் தடவை டிக்கெட் திருவனந்தபுரம் வழி. கொழும்பு வழியாகக் கிடைக்குமா என்று ஏஜென்டிடம் கேட்டார். கம்பெனி கொடுக்கிற டிக்கெட்டில்தான் போக வேண்டும் என்றார் ஏஜென்ட். இன்னாசிராஜ் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

"கொழும்பு வழின்னா மறுநாளே பொட்டிய கட்டியிருப்பாரு" என்றார் ஜோதி மேரி.

கொழும்பு வழியாகப் போயிருந்தாலும் செபமாலை அங்கே இருந்திருக்க மாட்டார். ஏஜென்டிடம் கேட்டபோது இன்னாசிராஜுக்கு அது தெரியாது; அந்த மாதம்தான் செபமாலையின் கிராமத்தைத் திறந்துவிட்டார்கள். குடும்பத்தோடு போய், காட்டை வெட்டி, பழைய கிணற்றைத் தூர் வாரி, தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு இருக்கிறார். சரண்யாவை மன்னாரில் சிஸ்டர்கள் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். கிராமத்தில் சிக்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மெயின் ரோட்டுக்கு வரும்போதுதான் போன் எடுக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் இன்னாசிராஜ் பேசினார். ஜன்னல் கம்பிகளைப் பார்க்க வந்தவர், மணி அடித்ததும் தெருவுக்குப் போய்விட்டார். ஊர்க் கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். இங்கே வெயில் ஜாஸ்தி என்றார். ஜெனித்தின் மார்க்கைச் சொன்னார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எப்ப வர்ற?" என்றார்.

அந்தப் பக்கமும் அதையே கேட்டிருக்க வேண்டும். "பாப்போம் மச்சான், பாப்போம்" என்றார் இன்னாசிராஜ். பேசி முடித்த பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். உள்ளே வந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஜன்னலுக்கு நாங்கள் கேட்டிருந்த பச்சை வேண்டாம், சாம்பல் நிறம் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.